6. சந்தும் சாரையும்

என் சின்ன வயதில் திருவொற்றியூரில் யாரும் கடிகாரம் பார்த்ததாக நினைவில்லை. ஆலைச் சங்கு போதும். பிற்பகல் சங்கு ஊதிக் கதவு திறந்த அடுத்த நிமிடம், மதகு உடைந்தாற்போல் சைக்கிள்கள் கொட்டும். ஹேண்டில்பாரில் காலி டிபன் கேரியர் ஆடும். பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே மிதிப்பார்கள். வாசலில் முட்டி மோதும் அந்தக் கூட்டம் ஐம்பதடி தாண்டுவதற்குள் சீராகிவிடும். யாரும் விசில் ஊதியதில்லை, தரையில் யாரும் கோடு போட்டதில்லை. அப்பா எங்கே வருகிறார் என்று தேடுவேன். எறும்புச் சாரையில் ஓர் எறும்பைத் தேடுவது போலத்தான் அது. எல்லாச் சைக்கிளும் ஒரே மாதிரி, எல்லா முதுகும் ஒரே மாதிரி.

இன்று அதே ஊரில் காலை ஏழு மணிக்கு எண்ணூர் விரைவுச் சாலையோரம் நின்று பாருங்கள். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கிக் கன்டெய்னர் டிரெய்லர்கள் வால் பிடித்து நிற்கும். அவற்றை ஒட்டி மணலியிலிருந்து வரும் டேங்கர் லாரி, மாநகரப் பேருந்து, ஷேர் ஆட்டோ, குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டி, காசிமேட்டில் ஐஸ் பெட்டி ஏற்றிய மீன்பாடி வண்டி, பிள்ளையை முன்னால் நிற்க வைத்துப் பள்ளிக்கு ஓட்டும் அம்மாவின் ஸ்கூட்டர், வேலைக்கு விரையும் பைக்குகள், இன்னமும் மிச்சமிருக்கும் சைக்கிள். 40 டன் எடையும் 15 கிலோ எடையும் ஒரே தார்ச்சாலையில் போகின்றன.

அந்தச் சைக்கிள் கூட்டம் எப்படி ஒழுங்கானது என்ற கேள்விக்கு இயற்பியல் 1995-இல் தெளிவான பதில் சொன்னது. இந்தக் கலவை எப்படி ஓடுகிறது என்ற கேள்விக்கு அது இன்னும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறது. அந்தப் பதிலின் சில பக்கங்கள் பெங்களூரிலும் சென்னையிலும் எழுதப்பட்டவை.

வடம் இல்லாத தேர்

திருவொற்றியூர் தேரடி இப்போது ஒரு மெட்ரோ நிலையத்தின் பெயரும்கூட. கோயில் தேரை இழுப்பவர்கள் எத்தனை நூறு பேர் இருந்தாலும் போகும் திசை ஒன்றுதான். காரணம் வடம். எல்லார் கையிலும் ஒரே கயிறு இருக்கிறது. ஒருவர் இழுப்பது கடைசி ஆள் வரை தெரியும். சைக்கிள் கூட்டத்துக்கு வடம் கிடையாது. மீன் கூட்டத்துக்கும் பறவைக் கூட்டத்துக்கும் கிடையாது. ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் இருக்கும் சிலவற்றை மட்டுமே அறியும். அப்படியிருந்தும் ஆயிரம் ஒரே திசையில் திரும்புகின்றன.

ஹங்கேரி நாட்டு இயற்பியலாளர் டாமாஷ் விச்செக்கும் அவருடைய கூட்டாளிகளும் 1995-இல் இதை மிக எளிய விளையாட்டாகச் சுருக்கினார்கள். கணினித் திரையில் ஆயிரக்கணக்கான புள்ளிகள். எல்லாவற்றுக்கும் ஒரே வேகம். எதுவும் நிற்காது, தானே ஓடும். ஒவ்வொரு கணமும் ஒவ்வொரு புள்ளியும் குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் அண்டை அயலைப் பார்க்கும். அவை போகும் திசைகளின் சராசரியைத் தன் திசையாக எடுத்துக்கொள்ளும். அதில் கொஞ்சம் பிசகும். விதி அவ்வளவுதான்.

பிசகு அதிகமாக இருந்தால் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். பிசகைக் குறைத்துக்கொண்டே வந்தாலோ கூட்டத்தை நெருக்கிக்கொண்டே போனாலோ ஓர் எல்லையில் திரை முழுவதும் ஒரே திசையில் ஓடத் தொடங்குகிறது. எந்தத் திசை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஏதாவது ஒரு திசை, ஆனால் எல்லாருக்கும் அதே திசை. தண்ணீர் பனிக்கட்டி ஆவது போல, கூட்டம் தன் நிலையை மாற்றிக்கொள்கிறது.

இதில் ஒரு புதிர் ஒளிந்திருந்தது. தட்டையான பரப்பில், நின்ற இடத்திலேயே நின்றபடி விருப்பம்போல் திரும்பக்கூடிய காந்த முட்களைப் பரப்பி வையுங்கள். ஒவ்வொன்றும் பக்கத்து முள்ளைப் பார்த்துத் திரும்பட்டும். சிறிதளவு வெப்பத் தடுமாற்றம் இருந்தாலே அவை நெடுந்தூரத்துக்கு ஒரே திசையில் நிற்காது என்பது 1966-லேயே நிறுவப்பட்ட தேற்றம். அப்படியானால் விச்செக்கின் புள்ளிகள் மட்டும் எப்படி ஒன்றுபட்டன? அதே 1995-இல் ஜான் டோனரும் யூஹாய் டூவும் விடை தந்தார்கள். நிற்கிறவனுக்கு அண்டை வீட்டுக்காரன் என்றும் ஒருவனே. ஓடுகிறவனுக்கு அண்டை மாறிக்கொண்டே இருக்கும். இங்கே கேட்ட செய்தியை அவன் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறான். ஓட்டமே தபால். ஓடுவதால்தான் அந்தக் கூட்டத்தில் ஒழுங்கு நிற்கிறது.

ஆலை வாசலில் நான் பார்த்தது இதைத்தான். ஆனால் அந்த விளையாட்டில் இரண்டு அனுமானங்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று, எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி. இரண்டு, நான் உன்னைப் பார்த்தால் நீயும் என்னைப் பார்க்கிறாய். எண்ணூர்ச் சாலையில் இரண்டுமே பொய்.

பித்தளைக் குச்சிகள், அலுமினிய மணிகள்

கலவையின் முதல் பாடத்தைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஓர் அதிரும் தட்டு சொல்லித்தந்தது. நிதின் குமார், ஹர்ஷ் சோனி, ஸ்ரீராம் ராமசாமி, ஏ.கே. சூட் ஆகிய நால்வரும் 2014-இல் வெளியிட்ட சோதனை அது.

சுமார் 4.5 மில்லிமீட்டர் நீளமுள்ள பித்தளைக் குச்சிகள். ஒரு முனை தடிமன், மறுமுனை மெலிவு. இவற்றைத் தட்டில் போட்டு நொடிக்கு 200 முறை மேலும் கீழும் அதிர வைத்தால், இரு முனையும் ஒன்றாக இல்லாததால் குச்சி ஒரு பக்கமாக நடக்கத் தொடங்கும். யாரும் தள்ளவில்லை. செங்குத்தான அதிர்வைக் குச்சியின் வடிவமே கிடைமட்ட நடையாக மாற்றிக்கொள்கிறது. உயிரில்லாத தானோடி இது.

அதே தட்டில் 0.8 மில்லிமீட்டர் அலுமினிய மணிகளையும் கொட்டினார்கள். மணி உருண்டை. அதற்கு முன் பின் கிடையாது. எவ்வளவு அதிர்ந்தாலும் இருந்த இடத்தில் துள்ளுமே தவிர எங்கும் போகாது. போக்கிடம் உள்ள சிலரும் போக்கிடம் இல்லாத பலரும் கலந்த கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போகாத கூட்டம் நடுவில் நின்றால் போகிறவர்களின் ஒழுங்கு கெட்டுவிடும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நடந்தது வேறு. குச்சிகள் மிகச் சிலவாக, ஒன்றையொன்று தொடாத தூரத்தில் இருந்தபோதும், மணிகள் போதிய அளவு நெருக்கமாகக் கிடந்தால் குச்சிகள் எல்லாம் ஒரே திசையில் திரண்டன. மணி குறைவாக இருந்தபோது திரளவில்லை.

செய்தியைச் சுமந்தது மணிக் கூட்டம். ஒரு குச்சி நடக்கும்போது முன்னிருக்கும் மணிகளைத் தள்ளுகிறது. அவை அடுத்தவற்றைத் தள்ளுகின்றன. மணிக்கடலில் ஓர் ஓட்டம் பிறக்கிறது. தொலைவில் இருக்கும் இன்னொரு குச்சி அந்த ஓட்டத்தின் பக்கம் திரும்பிக்கொள்கிறது. காசிமேட்டில் விசைப்படகுகள் மேல் கட்டிய கொடிகள் கடற்காற்றோடு ஒரே பக்கம் திரும்புவது போல. கொடிகளுக்கு ஒன்றையொன்று தெரியாது. காற்றைத் தெரியும்.

தானாக எங்கும் போகத் தெரியாதவர்கள் வழியே போகிறவர்களின் திசை பரவ முடியும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த நிற்பவர்கள் தள்ளினால் நகர்பவர்களாக இருக்க வேண்டும். எண்ணூர்ச் சாலையில் நிற்கும் டிரெய்லர் தள்ளினால் நகராது. அது மணியாக இருக்க மாட்டேன் என்கிற மணி. தன் அந்தப்பக்கம் நடப்பதை இந்தப்பக்கம் வருகிறவனுக்குச் சொல்லாது. சொல்லாததோடு, பன்னிரண்டு மீட்டர் நீள இரும்புப் பெட்டியால் மறைக்கவும் செய்யும். ஒரே ‘நிற்கும் பொருள்’ ஓரிடத்தில் தபால்காரனாகவும் இன்னோரிடத்தில் மதிலாகவும் ஆகிவிடுகிறது.

கூடினால் மெதுவாகும், மெதுவானால் கூடும்

இரண்டாவது பாடம் நெரிசல் பற்றியது.

சாதாரண வாயுவில் ஒரு சிறு பெட்டிக்குள் சராசரியாக 100 மூலக்கூறுகள் இருந்தால், அந்த எண்ணிக்கை பத்து கூடும், பத்து குறையும். சராசரி 10,000 என்றால் நூறு கூடும் குறையும். ஏற்ற இறக்கம் வர்க்கமூலத்தின் அளவிலேயே நிற்கும். 2007-இல் விஜய் நாராயண், நாராயணன் மேனன், ஸ்ரீராம் ராமசாமி ஆகியோர் அதிரும் தட்டில் செப்புக் கம்பித் துண்டுகளைப் பரப்பி எண்ணிப் பார்த்தபோது இந்த விதி உடைந்தது. ஓரிடத்தில் அடர்ந்து குவிந்தன, ஓரிடத்தில் வெறிச்சோடின. ஏற்ற இறக்கம் வர்க்கமூலத்தைத் தாண்டி எங்கோ போயிற்று. தங்களுக்குள்ளேயே சக்தியைச் செலவழித்து இயங்கும் கூட்டங்களுக்கு இந்தச் சீரற்ற குவிதல் இயல்பான குணம்.

இன்னொரு வழியிலும் கூட்டம் குவியும். ஜூலியன் தயூரும் மைக்கேல் கேட்ஸும் 2008-இல் பாக்டீரியா போன்ற தானோடிகளை வைத்துக் காட்டியது அது. நெருக்கமான இடத்தில் ஒருவர் மெதுவாகிறார். மெதுவாகும் இடத்தில் ஆட்கள் அதிக நேரம் தங்குகிறார்கள். தங்குவதால் நெருக்கம் கூடுகிறது. ஒருவரையொருவர் ஈர்க்கும் விசை எதுவுமே இல்லாமல் கூட்டம் தானே தடித்த பகுதி, மெலிந்த பகுதி என்று பிரிந்துவிடும்.

கலவையில் இது என்னவாகும்? தானே ஓடும் துகள்களையும் ஓடாத துகள்களையும் கலந்து 2015-இல் யோகிம் ஸ்டென்ஹாமரும் கூட்டாளிகளும் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிய எல்லாருமே ஓட வேண்டியதில்லை. மொத்தத்தில் 15 சதவீதம் பேர் ஓடினாலே போதும் என்று தெரிந்தது. அடர்ந்த பகுதிக்குள்ளும் ஓடாதவை தனித்தனித் தெப்பங்களாக ஒதுங்கிக்கொண்டன. ஒரு சிறுபான்மையின் ஓட்டம் முழுக் கூட்டத்தின் உருவத்தையே மாற்றிவிடுகிறது.

சாலையில் இதன் நிழலைக் காட்டிய சோதனை ஜப்பானில் நடந்தது. யூகி சுகியாமாவின் குழு 2008-இல் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஓட்ட வைத்தது. எல்லாரும் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டரில் சீராக ஓட்ட வேண்டும். சிக்னல் இல்லை, குறுகல் இல்லை, விபத்தும் இல்லை. ஆனாலும் சற்று நேரத்தில் ஓரிடத்தில் கார்கள் நின்றன. அந்த நிற்கும் அலை, வண்டிகள் போகும் திசைக்கு எதிராக, மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டரில் பின்னோக்கி நகர்ந்தது. ஒருவர் லேசாகப் பிரேக் தொடுகிறார், பின்னால் இருப்பவர் கொஞ்சம் பலமாகத் தொடுகிறார், அதற்கும் பின்னால் இருப்பவர் நின்றேவிடுகிறார்.

அங்கே ஓடியவை எல்லாம் கார்கள். அந்த வட்டத்தில் நாலு டிரெய்லர்களைச் சேர்த்துக் கற்பனை செய்து பாருங்கள். நின்ற அலை கடந்ததும் கார் சட்டென்று வேகம் எடுக்கும். லோடு ஏற்றிய டிரெய்லர் ஒவ்வொரு கியராக ஏறி வர வேண்டும். அதற்குள் முன்னால் பெரிய வெற்றிடம் திறக்கும், பின்னால் வால் நீளும். டிரெய்லர் ஒன்று 16 மீட்டர், இடைவெளி 2 மீட்டர் என்று கொண்டால் நூறு வண்டி நின்றால் 1.8 கிலோமீட்டர். வாசலில் ஒரு லாரிக்கு ஒரு நிமிடம் கூடுதலாக ஆனால் நூறாவது ஓட்டுநருக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் போய்விடும். சாலையில் நிற்கும் வரிசையின் வேர் பல நேரம் சாலையில் இருக்காது. அது வாசலில் இருக்கும்.

ஒரு லாரி எத்தனை கார்?

நம் நாட்டுப் பொறியாளர்களுக்கு இந்தக் கலவை புதிதல்ல. அவர்கள் அதைக் கணக்கில் அடக்கப் பிடித்த வழி ‘கார் அலகு’. இந்தச் சாலையில் மணிக்கு எத்தனை வாகனம் போகும் என்று கேட்டால், எந்த வாகனம் என்ற கேள்வி வரும். ஆகவே எல்லாவற்றையும் காராக மாற்றிக் கூட்டுகிறார்கள். நகரச் சாலைகளின் கொள்ளளவு பற்றி இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1990-இல் வெளியிட்ட வழிகாட்டியில் அதற்கான அட்டவணை இருக்கிறது.

அந்த அட்டவணையில் நான் வியந்து நின்ற ஒரு விஷயம் உண்டு. ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு எண் அல்ல, இரண்டு எண். மொத்த ஓட்டத்தில் லாரியும் பேருந்தும் 5 சதவீதம் என்றால் ஒரு லாரி 2.2 காருக்குச் சமம். 10 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் அதே லாரி 3.7 கார். ஆட்டோ 1.2-இலிருந்து 2.0 ஆகிறது. இருசக்கர வாகனம் 0.5-இலிருந்து 0.75. கைவண்டி 2.0-இலிருந்து 3.0.

லாரி ஓர் அங்குலம்கூட வளரவில்லை. ஆனால் அது சாலையில் ‘எடுத்துக்கொள்ளும்’ இடம் வளர்ந்துவிட்டது. தன்னைப் போல் இன்னொன்று அருகில் வந்ததும் அது அடைக்கும் சந்துகள் மாறுகின்றன, அதைத் தாண்ட மற்றவர்கள் படும் பாடு மாறுகிறது. கலவையில் எவருடைய அளவும் அவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. சுற்றி இருப்பவர்களைச் சொல்லாமல் ஒரு வாகனத்தின் அளவைச் சொல்ல முடியாது. வறண்ட அட்டவணை என்று நாம் தாண்டிப் போகும் பக்கத்தில் கலவையின் இயற்பியல் முழுக்க இருக்கிறது.

அடுத்த அடியைச் சென்னை ஐ.ஐ.டி. எடுத்தது. தமிழரசனும் கோஷியும் 2005-இல் வெளியிட்ட உருவகப்படுத்தலில் சாலையைத் தடங்களாகப் பிரிக்கவே இல்லை. முழு அகலமும் ஒரே பரப்பு. அதில் ஒவ்வொரு வாகனமும் நீளமும் அகலமும் உள்ள ஒரு செவ்வகம். முன்னால் இடமிருந்தால் முன்னால் போகும், பக்கத்தில் இடமிருந்தால் பக்கம் ஒதுங்கும். நம் சாலையை மேலை நாட்டுச் சாலையின் கெட்டுப்போன வடிவமாகப் பார்க்காமல், அதற்கென்று ஒரு நடைமுறை உண்டு என்று ஏற்றுக்கொண்ட பார்வை அது.

பின்னர் சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தின் போக்குவரத்தைப் படமெடுத்து, சுமார் 3,000 வாகனங்களின் பாதையை அரை நொடிக்கு ஒரு முறை குறித்து எடுத்தார்கள் வெங்கடேசன் கனகராஜும் உடன் ஆய்வாளர்களும். 2015-இல் அந்தத் தரவு வெளியானது. 2018-இல் கனகராஜும் ஜெர்மனியின் மார்ட்டின் டிரைபரும் சேர்ந்து, கலப்புப் போக்குவரத்தைத் ‘தானே இயங்கும் துகள்கள்’ என்ற கண்ணோட்டத்திலேயே எழுதினார்கள். விச்செக்கின் புள்ளிகளும் நம் ஊர் ஷேர் ஆட்டோவும் ஒரே சமன்பாட்டுக் குடும்பத்துக்குள் வந்து சேர்ந்தன. முன்னால் இழுக்கும் விருப்பம், அருகிலிருப்பவை தரும் விலக்கம், பக்கவாட்டில் நழுவும் சுதந்திரம் ஆகியவற்றின் கூட்டல்தான் ஒவ்வொரு வண்டியின் அசைவும்.

சந்து

இனி இந்தச் சாலையின் உண்மையான நாயகனிடம் வருவோம். அது எந்த வாகனமும் இல்லை. சந்து.

மூன்றரை மீட்டர் அகலத் தடத்தில் டிரெய்லர் இரண்டரை மீட்டரை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் ஒரு மீட்டர். காருக்கு அது சுவர். பைக்குக்கு அது வாசல். ‘சந்து கெடச்சா பூந்துடலாம்’ என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்லும் வார்த்தை. கூழாங்கற்களுக்கு நடுவே மணல் இறங்குவது போல, பெரிய வண்டிகளின் இடுக்குகளில் இருசக்கர வாகனங்கள் இறங்கி முன்னால் போய்ச் சேரும். சிக்னல் பச்சையாகும்போது முன்வரிசை முழுவதும் பைக்குகளாக இருப்பது இதனால்தான். ஒருவகையில் இது பயன்தான். வீணாகக் கிடக்கும் இடத்தைக் கூட்டம் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. ஒருவர் போன சந்தில் அடுத்தவர் போக, பின்னால் இன்னொருவர் சேர, லாரிகளுக்கு நடுவே ஒரு சாரை பிறக்கிறது. எதிரெதிராக நடக்கும் கூட்டத்தில் இப்படித் தானாகத் தடங்கள் உருவாவதை டிர்க் ஹெல்பிங்கும் பீட்டர் மோல்னாரும் 1995-இல் ‘சமூக விசை’ மாதிரியில் காட்டினார்கள்.

ஆனால் அந்தச் சந்து கூழாங்கற்களுக்கு நடுவே இருப்பது போன்றதல்ல. இரு பக்கமும் சக்கரம். 40 டன் டிரெய்லர் மணிக்கு 36 கிலோமீட்டரில், அதாவது நொடிக்குப் பத்து மீட்டரில், போனால் அதன் இயக்க ஆற்றல் 20 லட்சம் ஜூல். ஆளோடு சேர்த்து 200 கிலோ உள்ள பைக்குக்கு அதே வேகத்தில் 10,000 ஜூல். இருநூறு மடங்கு. பிரேக் போட ஒரு நொடி தாமதித்தால் இருவருமே பத்து மீட்டர் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு நல்ல பிரேக் உள்ள பைக் இன்னும் பத்து மீட்டரில் நிற்கலாம். பாதி பிடிமானமே கிடைக்கும் லோடு வண்டிக்கு இருபது மீட்டர் வேண்டும். டிரெய்லர் இடதுபுறம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஒரு நிமிடத்துக்கு முன் வாசலாக இருந்த சந்து அப்போது மூடிக்கொள்கிறது.

இங்கேதான் விச்செக்கின் இரண்டாவது அனுமானம் உடைகிறது. பைக்காரர் டிரெய்லரைப் பார்க்கிறார். பார்க்காமல் இருக்க முடியாது. டிரெய்லர் ஓட்டுநர் பைக்காரரைப் பார்ப்பதில்லை. உயரமான கேபினுக்குக் கீழே, இடப்பக்கச் சக்கரத்தை ஒட்டி, அவருக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. ஒருவர் மற்றவருக்கு அண்டை. மற்றவர் இவருக்கு அண்டை இல்லை.

ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்று பள்ளியில் படித்தோம். மோதும்போது அது உண்மை. பார்ப்பதற்கு அது பொருந்தாது. பார்வையில் ஒருதலைப் பட்சம் இருக்க முடியும். 2021-இல் மிஷேல் ஃப்ரூஷார், ரியோ ஹனாய், பீட்டர் லிட்டில்வுட், வின்சென்சோ விட்டெல்லி ஆகியோர் இத்தகைய ஒருதலைக் கூட்டங்களை ஆராய்ந்தார்கள். இரண்டு வகைத் தானோடிகள். ஒரு வகை மற்றதன் திசையில் போக விரும்புகிறது, மற்றது விலகிப் போக விரும்புகிறது. இரண்டும் ஒரு திசையில் அமைதி காண முடியாமல், ஒன்றை ஒன்று துரத்தியபடி முழுக் கூட்டமும் ஓயாமல் சுழலும் நிலைக்குப் போய்விடுகிறது. பரஸ்பரம் அறுந்த இடத்தில், ஒரே மாதிரியானவர்களின் கூட்டத்தில் காண முடியாத புதிய நிலைகள் பிறக்கின்றன.

கலவையில் வித்தியாசமானவர் படும் பாட்டை மீன்களும் அறியும். 1986-இல் லாண்டோவும் டெர்போவும் நன்னீர்த் தொட்டியில் வெள்ளிநிறச் சிறுமீன்களையும் அவற்றை வேட்டையாடும் பெரிய மீனையும் விட்டுப் பார்த்தார்கள். கூட்டத்தில் உள்ள எட்டுச் சிறுமீன்களும் ஒரே நிறமாக இருந்தால் வேட்டை மீன் எதைப் பிடிப்பது என்று குழம்பும். ஒன்றிரண்டுக்கு நீலச் சாயம் ஏற்றி விட்டபோது குழப்பம் தீர்ந்தது. நீலமானவையும் பிடிபட்டன, சாதாரணமானவையும் பிடிபட்டன. காசிமேட்டு ஏலக்கூடத்தில் மத்தி ஒரு கூடை, காணாங்கெளுத்தி ஒரு கூடை என்று நாம் பிரிப்பதற்கு முன்பே, மீன்கள் தங்கள் அளவையும் இனத்தையும் ஒத்தவற்றோடு சேர்ந்து நீந்த முயல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றுக்குக் கடல் அகலமானது. ஒத்தவற்றைத் தேடிப் போக இடமிருக்கிறது. எங்கள் சாலையில் அந்த இடமில்லை.

கண்ணாடியில் தெரியும் முகம்

இயற்பியல் தீர்ப்பு எழுதாது. ஆனால் எதை மாற்றினால் எது மாறும் என்று சொல்லும். நிற்கும் வண்டிகளைச் சாலையிலிருந்து எடுத்து நிறுத்துமிடத்துக்குள் கொண்டுபோனால் மதில்கள் குறையும். வாசலில் ஒரு வண்டிக்கு ஆகும் நேரம் குறைந்தால் வாலின் நீளமே குறையும். சரக்குக்குத் தனி வழி வந்தால் கலவையே பிரியும். துறைமுகம் மதுரவாயல் மேம்பாலச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டியதும், 2012-இல் வேலை நின்றதும், 2022-இல் ஈரடுக்குச் சாலையாக மறுபடியும் அடிக்கல் நாட்டியதும் எல்லாரும் அறிந்தது. சென்னைத் துறைமுகத்தின் கன்டெய்னர் முனையம் 1983-இல் தொடங்கியது. அந்த இரும்புப் பெட்டிகள் வந்த நாளிலிருந்து இந்தச் சாலையில் பெரியதும் சிறியதும் ஒன்றாக ஓடுகின்றன. பெரியதற்கு வழி செய்யும் ஒவ்வொரு திட்டத்திலும் மிகச் சிறியதற்கும் ஒரு மீட்டர் அகலம் எழுதிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சைக்கிளுக்கும் மீன்பாடி வண்டிக்கும் நடந்து போகும் பிள்ளைக்கும் உரிய அந்த ஒரு மீட்டர், மிச்சமாகக் கிடைக்கும் சந்தாக இருக்கக் கூடாது.

அதுவரை என்னால் செய்ய முடிந்த ஒன்றை இந்த இயற்பியல்தான் எனக்குக் கற்றுத்தந்தது. டிரெய்லரை ஒட்டிப் போக நேரும்போது முதலில் அதன் பக்கக் கண்ணாடியைத் தேடுகிறேன். அதில் ஓட்டுநரின் முகம் தெரிகிறதா என்று பார்க்கிறேன். ஒளி போன பாதையிலேயே திரும்பி வரும். அவர் முகம் எனக்குத் தெரிந்தால், அவர் நிமிர்ந்து பார்க்கும்போது நானும் அவருக்குத் தெரிவேன். தெரியவில்லை என்றால் அந்த இடத்தில் நான் நிற்பதில்லை. பின்தங்கி, முகம் தெரியும் இடத்துக்கு வருகிறேன்.

பல நேரம் அங்கே ஒரு களைத்த முகம் தெரியும். இரவெல்லாம் வரிசையில் நின்று, தூக்கம் மிச்சமிருக்கும் முகம். சில நேரம் அவர் தலையசைப்பார். ஆலை வாசலில் பக்கத்துச் சைக்கிள்காரரைப் பார்த்து அப்பா தலையசைத்ததைப் போலவே இருக்கும் அது. அந்த ஒரு கணம், 40 டன்னுக்கும் 200 கிலோவுக்கும் நடுவில், நான் அவருக்கு அண்டை, அவர் எனக்கு அண்டை. அதன் பிறகுதான் நான் முன்னால் போகிறேன்.